அரணை கட்டிய வீடு

"அரணை கடித்தால் உடனே மரணம்" என்னும் பழமொழியைக் கேளாத தமிழ்க் குடும்பம் இராது. அதனோடு ஒட்டி வழங்கும் கதையும் ஒன்றுண்டு. கடிக்கவேண்டும் என்று எண்ணி விரைந்துவரும் அரணை, அண்மையில் வந்ததும் எண்ணியதை மறந்து திரும்பிவிடுமாம். அதனாலேதான் நாமெல்லாம் இன்னும் பிழைத்திருக்கின்றோமாம். பாடத்தை மறந்த மாணவனை 'அரணைப் புத்தி' என்று பெரியோர் ஏசுவதும் இக்கதையைப் பற்றியே. அரணைக்கு நஞ்சு இல்லை. ஆதலின் கடியும் மரணமும் பற்றிய பேச்சை ஒரு சொல்லிலே தள்ளிவிடலாம். மறதி பற்றிய பழியை நீக்குவதற்கோ, இந்து சமுத்திரத்தைக் கடந்து அவுஸ்திரேலியாவின் நடுப்பாலைவனம் வரையிற் செல்லவேண்டியிருக்கின்றது. அங்கே ஓர் அரணை வீடு கட்டி, மனைவி மக்களோடு ஆண்டுக்கணக்காகக் குடியிருக்கின்றது.

பாலைவனம் என்றவுடன் வெறும் மணலையே எண்ணுதல் வேண்டா. அவுஸ்திரேலியாவின் நடுவிலும் மேற்கிலும் பரந்துகிடக்கும் தனாமி, கிப்சன், பெரிய மணற்பாலை, பெரிய விக்ரோரியாப் பாலை என்பவற்றிலே மணல் குங்குமம்போற் சிவந்திருக்கும். அம்மணலின்மேல், ஊசிமுனை போன்ற தாள்களையுடைய ஸ்பினிபெக்ஸ் என்னும் புல் குத்துக்குத்தாக வளர்ந்திருக்கும். ஆடுமாடுகள் விரும்பாத அப்புல்லைக் கறையான்கள் விரும்பியுண்ணும். கறையான்களையோ பல்லியினங்கள் விரும்பியுண்ணும். உலகில் வேறெங்கும் காணாத அளவுக்குப் பல்வகைப் பல்லிகள் இப்பாலையிலே வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பர். கோடைகாலத்து நண்பகலில் அம்மணலிலே வெறுங்காலோடு நிற்றல் எவர்க்கும் இயலாது. மாரியிரவிலோ நீர் உறையும் அளவுக்குக் குளிர் வரும். இந்த இரண்டுக்கும் இடையிலே எப்படி வாழ்வது என்பதே அங்குள்ள ஒவ்வோர் உயிரும் விடைகாண வேண்டிய வினா.

நாம் கூறவந்த அரணை, முற்ற வளர்ந்தபோது தலைமுதல் வால்நுனிவரை ஏறக்குறைய 44 சென்ரிமீற்றர் நீளமிருக்கும்; நிறை 350 கிராம் வரை வரும். நம் வீட்டு முற்றத்து அரணையைக் கண்டு பழகிய கண்ணுக்கு இது பெரும்பூதமாகவே தோன்றும். முதுகு அம்மண்ணின் செந்நிறமே, வயிறு இளமஞ்சள். மேனி வழுவழுப்பானது, கால்கள் குறுகியனவாயினும் தோண்டுதற்கேற்ற வலிமையுடையன. பகலிலே வெளியே தலைகாட்டுவது அரிது. அந்தி சாய்ந்தபின் வளைவாயிலில் வந்திருந்து சுற்றுமுற்றும் பார்த்து, அதன்பின்னரே இரைதேடப் புறப்படும். கறையானே முதன்மையான உணவு. வண்டு, சிலந்தி, கரப்பான், எறும்பு என்பனவும் அகப்பட்டால் விடுவதில்லை. பூவையும் இலையையும் சிறு கனிகளையுங்கூட உண்ணும்.

விஞ்ஞான உலகுக்கு இதனை அறிமுகஞ் செய்தவர்கள், தென் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்ரேர்லிங், சீற்ஸ் என்னும் இருவர். எல்டர் ஆராய்ச்சிப் பயணக் குழுவினர் கொண்டுவந்த பிராணிகளை ஆராய்ந்து 1893ஆம் ஆண்டில் அவர்கள் இதனை விவரித்தனர். அப்பொழுது தென் அவுஸ்திரேலியாவின் தேசாதிபதியாக விளங்கியவர் கின்ரோர் பிரபு. 1891ஆம் ஆண்டில் வடக்கே டார்வினிலிருந்து தெற்கே அடலெயிட் வரையில் கண்டத்தை ஊடறுத்துப் பயணஞ் செய்தவர். அப்பயணத்திலே ஸ்ரேர்லிங்கும் உடன்சென்றார். நன்றிக்கடனாகவோ நட்பின் அடையாளமாகவோ பிரபுவின் பெயர் அரணைக்குச் சூட்டப்பெற்றது. எகர்னியா கின்ரோரை என்று முதலில் வழங்கிய பெயர், இனப்பகுப்பு மாறியதால் 2008ஆம் ஆண்டின்பின் லியோபோலிஸ் கின்ரோரை என்றாயிற்று. பெயர் சூட்டும் உரிமை எப்பொழுதும் பின்னர் வந்தவர்க்கே கிடைப்பது வியப்புத்தான். அதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே அந்நாட்டு ஆதிக்குடிகள் இதனை ஜாகுரா என்றும், வரார்னா என்றும், முல்யமிஜி என்றும், ஜலப்பா என்றும், நம்பு என்றும் தத்தம் மொழியிலே அழைத்து வந்தனர். உலுரு என்னும் செம்பாறைமலையைச் சூழ்ந்து வாழும் அனங்கு மக்களின் மொழியில் இது ஜாகுரா. நாமும் அப்பெயரையே கொள்வோம்.

இனி, வீட்டைக் காண்போம்.

ஸ்பினிபெக்ஸ் குத்துகளுக்கிடையே செம்மணல் மேடொன்று எழுந்திருக்கும். அதன் ஓரத்திலே பிறைவடிவமான வாயில் ஒன்று. உள்ளே தோண்டிய மண்ணெல்லாம் அவ்வாயிலின் முன் விசிறிபோற் பரவியிருக்கும். இதுவே தலைவாயில். சுற்றிலும் தேடிப்பார்த்தால் வேறு பல சிறுவாயில்கள் தென்படும். ஒரே வளைக்கு இருபது வாயில்கள் வரையிலும் எண்ணியிருக்கின்றனர். நிலத்தின்கீழே சுரங்கவழிகள் கிளைத்தும் கூடியும் செல்கின்றன. பெரிய வளையொன்று ஒருபுறமிருந்து மறுபுறம் 13 மீற்றர் வரை பரந்திருக்கும். ஆழம் ஒரு மீற்றரைத் தாண்டும். முழம் அளவே நீளமுள்ள பிராணி, ஒரு பாடசாலை வகுப்பறையினும் நீண்ட மாளிகையைத் தன் கால்களாலே குடைந்திருக்கின்றது. ஒரு வாயிலாற் பாம்பு நுழைந்தால் மறுவாயிலால் வெளியேறலாம். மேலே மணல் தீயாய்க் கொதிக்கும்போது அடியிலே தண்மையும் சிறிது ஈரமும் இருக்கும். குளிர்காலம் முழுவதையும் உள்ளே உறங்கிக் கழிக்கவும் செய்யலாம்.

வீட்டுக்கு வெளியே, சற்று அப்பால், ஒரு மலசலகூடமும் உண்டு. இதைக் கேட்டுச் சிறுவர்கள் நகைப்பார்கள், நகைக்கட்டும். குடும்பத்து உறுப்பினர் அனைவரும் வளையினுள்ளே அசுத்தஞ் செய்யாமல், குறித்த ஓரிடத்துக்கே சென்று கழிக்கின்றனர். அவ்விடத்திலே எச்சங்கள் குவிந்து கிடக்கும். ஏன் இப்படிச் செய்கின்றன என்பதற்கு, 'இது எங்கள் வீடு' என்று அயலார்க்கு மணத்தால் அறிவித்தற்காக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. சுத்தம் ஒரு காரணமாகவும் இருக்கலாம். எது எவ்வாறாயினும், இந்தக் குப்பைக்குவியல் பின்னே நமக்கு ஒரு நூல்போலப் பயன்படப்போகின்றது.

குடும்பம் என்னும் சொல்லை நாம் அலங்காரத்துக்காகக் கையாளவில்லை. ஊர்வனவற்றுள் மிகப் பலவற்றுக்குத் தாய்மை என்பது முட்டையிட்டு மூடுவதோடு முடிந்துபோம். ஜாகுராவோ முட்டையிடாது, குட்டி ஈனும். அந்நாட்டுக் கோடையிலே, அஃதாவது நமக்கு மார்கழி தை மாதங்களை ஒட்டிய காலத்திலே, ஒன்று முதல் ஏழு வரையான குட்டிகள் பிறக்கும். பிறந்தவை ஓடிப்போவதில்லை. தாய்தந்தையரோடு அவ்வளையிலேயே தங்கிவிடுகின்றன. அடுத்த ஆண்டு தம்பி தங்கையர் பிறந்தபோதும் மூத்தவை அங்கேயே இருக்கக் காணலாம்.

ஒரே வளையில் வாழ்பவை யாவும் உறவினர்தாமா, அன்றி மழைக்கு ஒதுங்கியவர்போல வந்து சேர்ந்த அயலாரா என்ற ஐயம் விஞ்ஞானிகளுக்கு எழுந்தது. அதனைத் தீர்க்க மக்கல்பின், டக்கற், ஸ்ரோ என்னும் மூவர், வளைகளில் வாழ்ந்த அரணைகளைப் பிடித்து, அவற்றின் மரபணுக்களை ஒப்புநோக்கி, மீண்டும் அவ்விடத்திலேயே விட்டனர். அவர்கள் கண்ட முடிவு 2011ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு வளையில் வாழ்ந்த இளையவற்றுட் பெரும்பாலானவை ஒரே தாய்க்கும் ஒரே தந்தைக்கும் பிறந்த உடன்பிறப்புகள். வெவ்வேறாண்டிற் பிறந்தவையும் அவ்வாறே. பெற்றோர் எப்பொழுதும் தம் மக்கள் இருந்த வளையிலேயே அகப்பட்டனர். பெண் அரணைகள் ஆண்டுதோறும் ஒரே துணையோடு மட்டும் கூடி ஈன்றமை தெரிந்தது. ஆண்களைப் பற்றி அவ்வளவு துணிந்து நற்சான்று வழங்க இயலாது. சில ஆண்களுக்கு வேறு வளைகளிலும் மக்கள் இருந்தனர்.

இதனினும் பெரிய செய்தி வீட்டைப் பற்றியது. ஒரு வளையிலே இடைவிடாது ஏழாண்டுகள் வரை குடியிருப்பு நீடித்தமையை அவர்கள் கண்டனர். தாய்தந்தையர் மட்டுமன்றி மக்களும் கூடித் தோண்டுகின்றனர், இடிந்ததைத் திருத்துகின்றனர், புதிய அறைகளைச் சேர்க்கின்றனர். பறவை கூடு கட்டுவதும் முயல் வளை தோண்டுவதும் யாவரும் அறிந்தவை. பல்லியினத்தில் ஒன்று, குடும்பத்துக்காக நீண்டகால வீடு கட்டி, பல தலைமுறை கூடி அதனைப் பேணுவது என்பது அதுவரை எங்கும் பதிவாகாத செய்தி. தோண்டும் உழைப்பின் பயன் தன் மக்களுக்கோ தன் உடன்பிறந்தார்க்கோ போய்ச்சேர்வதால், இவ்வழக்கம் நிலைபெற்றது என்று ஆராய்ச்சியாளர் விளக்கினர்.

ஜாகுராவின் சுற்றத்தாரிடையே இத்தகைய பண்பு வேறிடத்தும் உண்டு. தூங்கு பல்லி என்று அந்நாட்டார் அழைக்கும் தடித்த அரணையொன்றைத் தென் அவுஸ்திரேலியாவிலே பேராசிரியர் மைக்கல் புல் என்பவர் 1982ஆம் ஆண்டிலிருந்து 2016ஆம் ஆண்டில் தாம் இறக்கும்வரை ஆராய்ந்தார். அவற்றுட் சில இணைகள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, இளவேனில்தோறும் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்தமையை அவர் கண்டார். 'அரணைப் புத்தி' என்று ஏசும் ஆசிரியர்கள் இதனைச் சிறிது கவனித்தல் நன்று.

விஞ்ஞானிகள் 2011இல் வெளியிட்டதைக் கேட்டு அனங்கு முதியோர் பெரிதும் வியந்திருக்கமாட்டார்கள். ஜாகுரா அவர்களுக்கு உணவு. எந்த வாயிலில் அடைத்து எந்த வாயிலிலே தோண்டவேண்டும், வளையில் இருப்பவை எத்தனை, பெரியவை எத்தனை, சிறியவை எத்தனை என்று அறியாத வேட்டைக்காரி பசியோடு திரும்பவேண்டியதுதான். வேட்டைக்காரி என்று கூறுவதில் பிழையில்லை; இத்தகைய வேட்டையிலே பெண்களே வல்லவர்கள்.

உண்டவர்களே காத்தவர்களுமாவர் என்றால் முரண்போலத் தோன்றும். பாலைநிலத்திலே நடந்து செல்லுங்கால் அம்மக்கள் ஆங்காங்கே புல்லுக்குத் தீ வைத்துச் செல்வார்கள். வேட்டைக்கு வழி தெரிவதற்கும், இளந்தளிர் முளைப்பதற்கும், தொலைவிலுள்ளார்க்குத் தம் வரவைப் புகையால் உணர்த்துவதற்கும் அது உதவியது. ஒவ்வொரு தீயும் சிறியது. சென்ற ஆண்டு எரிந்த இடத்துக்கு வந்ததும் எரிவதற்கு ஒன்றுமின்றித் தானே அவிந்துபோம். ஆதலால் நிலம் முழுவதும் ஒட்டுப்போட்ட துணிபோல, இன்று எரிந்த இடம், மூன்றாண்டுக்கு முன் எரிந்த இடம், பத்தாண்டு எரியாத இடம் என்று துண்டுதுண்டாக விளங்கியது. ஜாகுராவுக்கு இதைவிட ஏற்ற நிலம் வேறில்லை. புதிதாகத் துளிர்த்த இடத்திலே உணவு. முதிர்ந்த புற்குத்திலே மறைவு. இரண்டும் வளைவாயிலின் அருகே.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அந்நடை நின்றது. மந்தைப் பண்ணைகளும் மிஷன்களும் அரசாங்கக் குடியேற்றங்களும் மக்களை ஈர்த்தன. சிலரை இழுத்தன என்றே கூறவேண்டும். பிந்துபி மக்கள் 1950களிலும் 1960களிலும் தம் மண்ணைவிட்டு ஹாஸ்ற்ஸ் ப்ளவ், பப்புன்யா முதலிய குடியேற்றங்களிற் சேர்க்கப்பெற்றனர். வூமெராவிலிருந்து ஏவப்பட்ட ஏவுகணைகள் மேற்குப் பாலையின்மேற் பறந்து விழுந்த காலம் அது. அவை விழும் பாதையிலே மனிதர் இருத்தலாகாது என்று, 1964ஆம் ஆண்டில் பேர்சிவல் ஏரிகள் பக்கத்தில் வாழ்ந்த பெண்களையும் குழந்தைகளையும் உத்தியோகத்தர் தேடிப்பிடித்து அகற்றினர். அகற்றப்படாது மறைவில் வாழ்ந்த கடைசிக் குடும்பம் ஒன்று, ஒன்பது பேர், 1984ஆம் ஆண்டிலே வெளிவந்து கிவிர்குரா என்னும் ஊரிலே உறவினரோடு சேர்ந்தது. அவர்களோடு அந்நிலத்திலே கால்நடையாய்த் திரிந்து தீ வைத்த வாழ்க்கையும் முடிந்தது.

மனிதரை அகற்றினால் விலங்குகளுக்கு நன்மை என்று நகரத்தில் இருந்துகொண்டு எண்ணுவோர் பலர். இங்கே நிகழ்ந்தது வேறு. 1953ஆம் ஆண்டில் ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களிலே, சிறுசிறு எரிதழும்புகள் நூற்றுக்கணக்கிற் காணப்பட்டன. சில பத்தாண்டுகளின்பின் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களிலோ அத்துண்டுகள் மறைந்து, ஒரு தேசமளவு பரந்த கருந்தழும்புகள் தோன்றின. யாரும் எரிக்காத புல் முதிர்ந்து அடர்ந்து கிடக்க, ஓர் இடிமின்னல் விழுந்தாற் போதும். தடுப்பாரின்றித் தீ நாட்கணக்காக ஓடும். வளைக்குள் இருக்கும் ஜாகுராவைத் தீ கொல்வதில்லை. மறுநாள் அந்தியிலே அது வாயிலுக்கு வந்து பார்க்கும்போது, மறைவதற்கு ஒரு புல்லும் இராது.

அந்த வெட்டவெளியிலே காத்திருப்பது பூனை. 1788ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கப்பல்களோடு வந்திறங்கிய வீட்டுப்பூனை, காட்டுப்பூனையாய் மாறிக் கண்டமெங்கும் பரவிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டை விளையாட்டுக்காகக் கொணர்ந்த நரியும் அவ்வாறே. ஐரோப்பியர் குடியேறியபின் முப்பதுக்கு மேற்பட்ட பாலூட்டியினங்கள் அந்நாட்டிலே அற்றுப்போயின. அவ்வழிவிலே இவ்விரண்டுக்கும் பெரும்பங்குண்டு. பூனைக்கு ஜாகுராவின் வளை ஒரு உண்டிச்சாலை. எல்லா உறுப்பினரும் ஒரே வீட்டில் இருப்பதனால், ஒருநாளிலே அகப்படாதது மறுநாள் அகப்படும். குடும்ப வாழ்க்கை பாம்புக்கு எதிராக நன்மை செய்தது. பொறுமையோடு வாயிலிற் காத்திருக்கும் பூனைக்கு எதிராக அதுவே கேடாயிற்று.

மூன்றாவது பகை ஒரு புல். தமிழ்நாட்டு உழவர் கொழுக்கட்டைப் புல் என்று போற்றி மாட்டுக்கு இடும் நற்புல்லே அது. ஒட்டகக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கொண்டுவந்த சேணங்களின் திணிப்பிலே மறைந்து அதன் விதை அவுஸ்திரேலியாவுக்குப் போயிற்று என்பர். பின்னர் மேய்ச்சலுக்காகவும் புழுதியை அடக்குவதற்காகவும் வேண்டுமென்றே விதைத்தனர். அங்கே அது அந்நாட்டுப் புல்லை நெருக்கி, தீ ஓடாத வெற்றிடங்களையும் அடைத்து, எரியும்போது மிகுந்த வெப்பத்தோடு எரிகின்றது. ஒரு நாட்டிற் செல்வமாயிருப்பது வேறொரு நாட்டிலே களையாகின்றது.

இன்று ஜாகுரா அழியும் ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனமென்று அந்நாட்டுச் சட்டத்திலே பதிவாகியிருக்கின்றது. சட்டம் வேலி கட்டாது; புல்லும் வெட்டாது. அவ்வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் மீண்டும் தம் மண்ணுக்கு வந்த அம்மக்களே. பிந்துபி மக்கள் 1981ஆம் ஆண்டிலே திரும்பிவந்து அமைத்த ஊருக்கும் கின்ரோர் என்றே பெயர். அந்தப் பிரபுவின் பெயர் தாங்கிய மலைத்தொடரின் அருகே அது அமைந்ததனால் வந்தது அப்பெயர். அரணையும் ஊரும் ஒரே பிரபுவுக்குக் கடன்பட்டிருக்கின்றன. 1985ஆம் ஆண்டில் உலுருவும் அதனைச் சூழ்ந்த நிலமும் அனங்கு மக்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அத்தேசிய வனத்திலே ஜாகுரா வளைகள் பல உள.

கிவிர்குராவிலே நடப்பது கேட்பதற்கே சுவையானது. அங்குள்ள முதியோர் மணலிலே பூனையின் அடிச்சுவட்டைக் கண்டதும், கால்நடையாகவே அதனைத் தொடர்கின்றனர். பகலின் வெயிலிலே விரட்ட விரட்டப் பூனை களைத்து வீழும். பிடித்ததைச் சமைத்து உண்பதும் வழக்கம். 1984இல் வெளிவந்த அவ்வொன்பதின்மருட் சிலரும் பின்னாளில் இவ்வேட்டையிலே தேர்ந்தவராயினர். மணலைப் படிக்கும் இக்கல்விக்கு எந்தச் சர்வகலாசாலையும் பட்டம் வழங்குவதில்லை. குளிர்ந்த மாதங்களிலே சிறு தீ வைக்கும் பழைய வழக்கத்தையும், வளைகளைச் சூழ்ந்து புல்லைக் காக்கும் புதிய வழக்கத்தையும் பாலைநில ஊர்கள் பலவற்றின் காவற்பணியாளர் மேற்கொண்டிருக்கின்றனர். அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே நியூஹேவன் என்னும் சரணாலயத்திலே, பூனை ஏறவியலாத 44 கிலோமீற்றர் வேலி 2018ஆம் ஆண்டில் எழுந்தது. ஜாகுராவைக் காப்பதற்கென அண்மையில் வகுத்த தேசியத் திட்டத்திலே, ஆதிக்குடிகள் வழங்கும் ஐந்து பெயர்களும் தலைப்பிலே இடம்பெற்றுள்ளன. பிரபுவின் பெயர் சற்றுப் பின்னே நிற்கின்றது.

குளிர்காலத்து உறக்கத்துக்கு முன், காவற்பணியாளர் சிறுகுழுக்களாகச் செம்மணலிலே நடந்து வளைதேடுவதுண்டு. முதியவர்கள் முன்னே, பாடசாலைப் பிள்ளைகளும் சிலபோது உடன் வருவார்கள். வளையைத் தோண்டிப் பார்க்கவேண்டிய தேவையில்லை. மலசலகூடத்துக்குப் போனாற் போதும். எச்சம் புதிதாயின் குடும்பம் இருக்கின்றது. வெயிலில் வெளுத்து உதிர்ந்தாயின் வீடு காலி. பெரிய எச்சங்களுக்கு நடுவே சிறியனவும் கிடந்தால், அவ்வாண்டு அவ்வளையிலே குட்டிகள் பிறந்திருக்கின்றன என்று இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு, அடுத்த வளைக்கு நடக்கின்றார்கள்.